முக்குளிப்பவர் தம் இடத்தைப் படகுக்குக் காட்ட நீருக்கடியிலிருந்து காற்றடைத்து மேலே விடும் எஸ்எம்பி (அடையாள மிதவைக் குழாய்) மேலே வந்ததும் படுத்துக்கொள்கிறதா?

கீழ்நோக்கி இழுவிசை இல்லை, காற்றும் போதவில்லை. நீங்கள் சொன்னபடி உவரிக் கடலில் உங்கள் குழாய் அலையில் சாய்ந்து, படகுக்காரர் கண்ணில் படாமல் போனது அதனால்தான். பிசிடியில் (மிதக்க உதவும் காற்றுச் சட்டையில்) காற்றேற்றி மிதந்துகொண்டு, கயிற்றின் தளர்வைச் சுருட்டி, குழாயின் அடியை இரு கையாலும் பிடித்து நீருக்குள் இழுங்கள். நிமிரும்.

அடி திறந்த குழாயா? சந்தேகம் அதன்மேல்தான். ஒருமுறை சாய்ந்தாலே வாய் வழியே காற்று போய்விடும். ஊதும் வால்வும் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வும் உள்ள 1.8 மீட்டர் மூடிய குழாய்தான் நம் கடலுக்கு. 1 மீட்டர் குழாய் ஆடிக் காற்றில் வெள்ளை நுரையோடு நுரையாகிவிடும்.

அலை இல்லாத நாளில் ஒன்று செய்து பாருங்கள். 10 மீட்டர் ஆழத்தில் குழாயைப் பாதி நிரப்பி விட்டால் மேலே முழுதாக விறைத்து நிற்கும். 5 மீட்டரில் பாதி நிரப்பினால் முக்கால்தான். மீதியை மேலே வந்து வாயால் ஊத வேண்டும். அப்படியும் தொய்ந்தால் வால்வு கசிகிறது, சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

குழாயின் கயிறு சுற்றிய ரீலை உடம்போடு கொக்கி மாட்டாதீர்கள். கயிறு சிக்கினால் உங்களையும் சேர்த்து மேலே தூக்கிவிடும்.

விசில் எஞ்சின் சத்தத்தில் எடுபடாது. படகுக்குச் சைகை காட்ட, வெயிலில் ஒளியைத் திருப்பும் முகக்கண்ணாடி, இருட்டில் மின்னும் விளக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் வராது. யாராவது பார்ப்பார்கள் என்று இருக்காதீர்கள். திரும்பும் நேரத்தையும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.