சாதிச் சான்றிதழைக் காட்டினால் பொதுப் பிரிவு இடம் போய்விடுமா?

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் 2 எழுதியிருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 196 வரை வரும் என்று எதிர்பார்க்கிறோம். நாங்கள் பி.சி. வகுப்பு. கலந்தாய்வுக்குச் சாதிச் சான்றிதழ் வைத்தால் பி.சி. இடம் மட்டும்தான் கிடைக்கும், பொதுப் பிரிவுக்குள் போக முடியாது, ‘கோட்டாவில் வந்தவள்’ என்ற பெயர் வேறு வரும் என்கிறார் என் மைத்துனர். அவர் மகன் ஒரு மத்திய அரசு வேலைக்கான தேர்வில் பொதுப் பிரிவு கட்-ஆஃபைவிட அதிக மதிப்பெண் எடுத்தும் ஓ.பி.சி. பட்டியலில்தான் வைத்தார்களாம். வயதுத் தளர்வில் எழுதியவன் அவன். மகள் ஜே.இ.இ.யும் எழுதியிருக்கிறாள். நானும் கணவரும் மாநில அரசு அலுவலகங்களில் உதவியாளர்கள். இருவர் சம்பளமும் சேர்ந்தால் வருடம் 12 லட்சத்தைத் தொடும். வீட்டு வாடகையாக வருடம் 84 ஆயிரம் வருகிறது. கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள்) என்று சொல்லி ஓ.பி.சி. சான்றிதழ் தர மறுக்கிறார்கள். பேசாமல் சான்றிதழே இல்லாமல் பொதுவில் போட்டுவிடலாமா? – ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. சான்றிதழை வையுங்கள். வைப்பதால் உங்கள் மகளுக்கு ஒரு வாசல் கூடுமே தவிர, எதுவும் மூடாது.

தமிழ்நாட்டில் 200 இடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் பி.சி.க்கு 53, பி.சி. முஸ்லிம்களுக்கு 7, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினருக்கு 40, எஸ்.சி.க்கு 30, அருந்ததியருக்கு 6, எஸ்.டி.க்கு 2. மொத்தம் 138, அதாவது 69 சதவீதம். மீதி 62 இடங்கள் யாருக்கு? ‘எஃப்.சி.க்காரர்களுக்கு’ என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அந்த 62 எல்லோருக்குமானது. மதிப்பெண் மட்டுமே அங்கே பேசும், எஸ்.டி. மாணவியும் வரலாம், பி.சி. மாணவியும் வரலாம். எந்தச் சாதிக்கும் அது பங்கு அல்ல.

உங்கள் மகளுக்குப் பொதுத் தரவரிசை எண் ஒன்றும், பி.சி. தரவரிசை எண் ஒன்றும் தருவார்கள். அவள் விருப்பப் பட்டியலில் முதலில் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாவதாகக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முறை வரும்போது கிண்டியில் பொது இடம் இருந்தால் அதில் போய் உட்காருவாள். பி.சி.யின் 53-ல் ஒன்றும் குறையாது. அது அடுத்த பிள்ளைக்குப் போகும். பொது இடம் தீர்ந்து பி.சி. இடம் மிச்சமிருந்தால் அதைத் தருவார்கள். இரண்டும் இல்லையென்றால்தான் பேச்சு எம்.ஐ.டி.க்கு வரும். சான்றிதழ் இல்லாமல் போட்டால் அந்த நடுப்படி அவளுக்குக் கிடையாது, அவ்வளவுதான். தரவரிசைப் பட்டியல் வெளியான பிறகு ‘சான்றிதழ் இப்போது தருகிறோம்’ என்று போய் நிற்பது வீண் அலைச்சல்.

பொது இடம் என்றால் ஏதோ ஒரு பிரிவினரின் பங்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? என் ஊகம், பழைய கம்யூனல் ஜி.ஓ.வின் (இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த அரசாணை) மிச்சம் அது. சென்னை மாகாணத்தில் 1947-க்குப் பிறகு ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 14 தீர்ந்துவிடும். பொது என்று ஒரு இடம்கூட இல்லை. உங்கள் மைத்துனர் சொல்லும் ‘உன் பெட்டிக்குள்தான் நீ’ என்பது அந்த ஏற்பாட்டுக்கு அப்படியே பொருந்தும். 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. (அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாமல் வழக்குத் தொடுத்தவர் என்பது தனிச் சுவாரசியம்.) தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது; அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவைக் கொண்டுவந்தது. இன்றைய ஒதுக்கீடு நிற்பது அந்த அடித்தளத்தில்தான். இதில் பொதுப் போட்டி இடங்கள் தனியாக உண்டு.

சரி, அப்படியானால் உங்கள் மைத்துனர் மகனுக்கு நடந்தது? அதுவும் உண்மைதான். மத்திய அரசுப் பணிகளில் ஓ.பி.சி.க்கு 3 வருட வயதுத் தளர்வு உண்டு. அந்தத் தளர்வைப் பயன்படுத்தித் தேர்வு எழுதியவரைப் பொது இடத்தில் கணக்கு வைக்கக் கூடாது என்று 1998-லிருந்தே மத்தியப் பணியாளர் துறையின் உத்தரவு இருக்கிறது. 2017-ல் தீபா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உத்தரப் பிரதேச விதிகள் வேறு மாதிரி இருந்ததால் 2010-ல் அந்த மாநில வழக்கு ஒன்றில் இதே நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறது. ஆக, அந்தந்த ஆள்சேர்ப்பு விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அவனைத் தடுத்தது வயதுத் தளர்வு, சான்றிதழ் அல்ல. அதே சான்றிதழோடு, தளர்வு தேவைப்படாத வயதில், அதே மதிப்பெண் எடுத்திருந்தால் பொதுப் பட்டியலில் வந்திருப்பான். உங்கள் மகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

இனி ஓ.பி.சி. சான்றிதழ். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

மாநில பி.சி. சான்றிதழ் வேறு, மத்திய அரசு கேட்கும் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேறு. அண்ணா பல்கலைக்கழகம், அரசுப் பொறியியல் கல்லூரி, கலந்தாய்வில் வரும் தனியார் கல்லூரி எல்லாவற்றுக்கும் முதல் சான்றிதழ் போதும்; வருமானக் கேள்வி எழாது. ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., காஞ்சிபுரம் ட்ரிப்பிள் ஐ.டி. என்று போனால் இரண்டாவது சான்றிதழ் வேண்டும். மருத்துவத்தில் இந்த இரட்டை முறையை ஒரே வகுப்பறையில் பார்க்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் 85 சதவீத இடங்களுக்கு மாநிலத்தின் 69 சதவீத விதி. அகில இந்தியத் தொகுப்புக்குப் போகும் 15 சதவீதத்துக்கு ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10 என்ற மத்திய விதி. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு சட்டத்தின் கீழ் வந்திருப்பார்கள்.

கிரீமி லேயர் வரம்பு 2017-லிருந்து 8 லட்சம். உங்கள் சம்பளம் 12 லட்சம் என்றதும் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் விதி அப்படியில்லை. 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறைக் குறிப்பாணை, அரசு ஊழியர்களுக்குப் பதவியைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ பதவிக்கு வந்தவரா? இருவருமே நேரடியாக குரூப் பி-யில் சேர்ந்தவர்களா? அப்படி இருந்தால் கிரீமி லேயர். குரூப் சி, டி ஊழியர்களின் பிள்ளைகள் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. வருமான வரம்பைப் பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்றும் அதே குறிப்பாணை சொல்கிறது. உங்கள் கணக்கில் வருவது வாடகை 84 ஆயிரமும் வங்கி வட்டி ஏதாவது இருந்தால் அதுவும்தான். 8 லட்சத்துக்கு எவ்வளவு தூரம் பாருங்கள்.

உதவியாளர் பதவி குரூப் சி-யில் வரும். டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 2, குரூப் 4 தேர்வுகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தேர்வின் பெயர், இது பணியின் வகை. பணிப் பதிவேட்டைப் பார்த்து, துறைத் தலைவரிடமிருந்து இன்ன பதவி, இன்ன பிரிவு என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பாணையின் நகலையும் சேர்த்து எடுத்துப் போங்கள். வாயால் வாதாடுவதைவிடத் தாளைக் காட்டுவது சீக்கிரம் வேலை முடிக்கும். (பொதுத்துறை, தனியார் ஊழியர்களுக்கு இந்தக் கணக்கு இத்தனை சுலபமில்லை, அவர்கள் உங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.) இன்னொன்று, மாநில பி.சி. பட்டியலில் உள்ள எல்லாச் சமூகமும் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து, உங்கள் சமூகத்தின் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, ‘கோட்டாவில் வந்தவள்’. இதைச் சொல்கிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகத்தோடு பேசிப் பயனில்லை. முன்னணிக் கல்லூரிகளில் பொதுப் பிரிவு கட்-ஆஃபையும் பி.சி. கட்-ஆஃபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அவர்கள் பேச்சு எவ்வளவு மிகை என்பது தெரியும். இன்னொரு ரகம் கேட்பது நியாயமான கேள்வி: இரண்டு அரசுச் சம்பளம் வரும் வீட்டுப் பிள்ளையும் தறி வீட்டுப் பிள்ளையும் ஒரே பி.சி. பட்டியலில் போட்டியிடுவது சரியா?

தமிழ்நாடு இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிப் பார்த்தது. 1979-ல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோருக்கு 9 ஆயிரம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பு வைத்தார். 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39-ல் இரண்டே இடம்தான் பிடித்தது. வரம்பை எடுத்துவிட்டு, 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். அதன்பின் எந்தக் கட்சியும் மாநில ஒதுக்கீட்டில் வருமான வரம்பைத் தொடவில்லை. பதிலுக்குச் செய்தது உள்ளே பிரிப்பது: 1989-ல் எம்.பி.சி., 2009-ல் அருந்ததியர், 2020-ல் மருத்துவத்திலும் அடுத்த ஆண்டு பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம். வருமானச் சான்றிதழை எப்படியும் வாங்கிவிடலாம் என்ற நாட்டில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாளா என்று பார்ப்பது ஏமாற்ற முடியாத அளவுகோல் என்பது என் கருத்து. அந்த 7.5-ஐ இன்னும் உயர்த்தலாம் என்றும் நினைக்கிறேன்.

இந்த விவாதத்துக்காக உங்கள் மகள் சான்றிதழை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் தறி வீட்டுப் பிள்ளைக்கு அதனால் இடம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. மதிப்பெண் இருந்தால் பொதுவிலேயே போய், பி.சி. இடத்தைத் தானாக விட்டுக்கொடுத்துவிடுவாள். படித்து முடித்துத் தனியார் கம்பெனிக்குப் போனால் அங்கே இட ஒதுக்கீடும் கிடையாது, சாதியைக் கேட்கவும் மாட்டார்கள்.

மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடச் சான்றிதழ் கையில் இருந்தாலும் செல்லாது. மே மாதம் வந்தால் இ-சேவை மையத்தில் வரிசை நீண்டுவிடும். இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். மறுபடி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அப்புறம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.