விண்ட்மில் ஹில்: கோட்டையா, ஊரா?

வணக்கம் நண்பரே. இங்கிலாந்தில் அகழிகள் சூழ்ந்த புதிய கற்கால வளாகமான விண்ட்மில் ஹில்லைக் 'கோட்டை சூழ்ந்த கிராமம்' என்று ஆய்வேட்டில் எழுதியதை உங்கள் வழிகாட்டி அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர் அடித்தது சரிதான்.

அகழியின் வரைபடத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுற்று. எதுவுமே முழுசாக இல்லை, நடுநடுவே தோண்டாமல் விட்ட நிலம். எதிரியைத் தடுக்க நினைத்தவன் இத்தனை வழி விடுவானா? தனித்தனிக் கூட்டத்தார் ஆளுக்கொரு துண்டாகத் தோண்டியிருக்கலாம் என்றொரு விளக்கம் உண்டு. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

அப்புறம் 'கிராமம்'. உள்ளே நிரந்தரமாகக் குடியிருந்ததற்கான வீட்டுத் தடயம் மிகக் குறைவு. அகழிக்குள்தான் சரக்கே இருக்கிறது: குவியலாக விலங்கு எலும்பு, பெரும்பாலும் மாடு. விருந்து முடிந்ததும் போட்டு மூடியதுபோல. பானைகளில் சில, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலின் லிசர்ட் பகுதி மண்ணில் செய்தவை. அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆக, கி.மு. 37ஆம் நூற்றாண்டில், சிதறி வாழ்ந்த மக்கள் அவ்வப்போது கூடிய இடம் என்று எழுதுங்கள்.

ஆனால் இதே வகை வளாகம் எல்லாவற்றுக்கும் இதையே ஒட்டிவிடாதீர்கள். இங்கிலாந்திலேயே உள்ள க்ரிக்லி ஹில் என்ற இன்னொரு வளாகத்தில் வாயில்களை ஒட்டி நூற்றுக்கணக்கான அம்புமுனைகள் கிடைத்தன. அங்கே சண்டை நடந்திருக்கிறது. அதை ஒரு பத்தியில் ஒப்பிட்டால் வழிகாட்டி மறுக்கமாட்டார்.