மிஷ்னாவில் செடி, கொடி, மரம்: கேள்வி பதில்

கே: யூத நூல்களில் செடி வளர்ப்பு பற்றி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் ஐயா?

ப: கி.பி. 200 வாக்கில் ரபி (யூத மத ஆசான்) யெஹூதா ஹநாசி தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் முதல் பிரிவுக்கே 'ஸெராயிம்', அதாவது விதைகள் என்றுதான் பெயர். அதில் 11 நூல்கள். முதல் நூல் பிரார்த்தனை பற்றியது, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். கிலாயிம் (கலப்பு), ஷெவீத் (ஏழாம் ஆண்டுத் தரிசு), ஒர்லா (இளமரக் காய்ப்பு, நட்ட முதல் மூன்று ஆண்டுக் காயை உண்ணக்கூடாது என்ற விதி) மூன்றும் உங்களுக்கு வேண்டியவை. இவை சட்ட நூல்கள், வேளாண் கையேடு அல்ல. ஆனாலும் வேர் எவ்வளவு தூரம் உறிஞ்சும், ஒட்டு எத்தனை நாளில் பிடிக்கும், பார்த்தால் கலப்பாகத் தெரிகிறதா என்று செடியைப் பார்த்தே அளவு வைத்திருக்கிறார்கள்.

கே: ஒரே பாத்தியில் ஐந்து வகை விதைக்கலாம் என்கிறது கிலாயிம் 3:1. லேவியராகமம் 19:19 இரண்டு வகையே கூடாது என்கிறதே?

ப: கூடாதது நெருக்கம். பாத்தி 6 தெஃபாக் சதுரம். ஒரு தெஃபாக் நான்கு விரல் அகலம், 8 செ.மீ. என்பார்கள், கடுமையாகப் பார்ப்பவர்கள் 9.6 என்பார்கள். ஆக மொத்தம் ஒரு முழச் சதுரம். நான்கு பக்கங்களில் நான்கு வகை, நட்டநடுவில் ஐந்தாவது. ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒன்றரை தெஃபாக் உறிஞ்சும் என்று கணக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்கு 3 தெஃபாக் இருப்பதால் ஒன்றின் உணவை மற்றொன்று இழுக்காது. சுற்றி ஒரு தெஃபாக் உயர வரப்பு இருந்தால் வரப்புக்கு மூன்று வகை, நடுவில் ஒன்று என 13 வகை வரை போகலாம்.

இரண்டு இடத்தில் தவறுவார்கள். வரப்பில் டர்னிப் கிழங்கை நட்டால் அது பருத்து வரப்பையே அடைத்துவிடும், மிஷ்னாவே தடுக்கிறது. அடுத்தது, இந்தச் சலுகை காய்கறிக்கு மட்டும் (3:2). கோதுமையையும் வாற்கோதுமையையும் இப்படிப் போட முடியாது. தானியத்துக்குத் தானியம் சுமார் 104 சதுர முழம் தனித்தனி இடம் வேண்டும். பக்கத்துக்குப் பத்து முழத்துக்குச் சற்று மேல்.

கே: விதைக் கோதுமையில் வேறு தானியம் கலந்துவிட்டால்?

ப: 24-இல் ஒரு பங்கு எட்டிவிட்டால் அப்படியே விதைக்கக்கூடாது. கலந்ததைப் பொறுக்கிக் குறையுங்கள், அல்லது கோதுமையைக் கூட்டுங்கள்.

கே: இஸ்ரேலில் இருக்கிறேன். 2025 ஜூலை 30 அன்று எலுமிச்சைக் கன்று நட்டேன். ஒர்லாவுக்கு மூன்று ஆண்டு என்றால் 2028 ஜூலை வரை காத்திருக்க வேண்டுமா?

ப: வேண்டியதில்லை. நட்ட தேதியிலிருந்து எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஒர்லா திஷ்ரி மாதத்தில் (செப்டம்பர்-அக்டோபர்) பிறக்கும் யூத ஆண்டை வைத்து ஓடுகிறது. கன்று வேர்பிடிக்க 14 நாள், அதன்பின் ஆண்டு முடிய 30 நாள், ஆக 44 நாள் மிச்சமிருந்தால் அந்தத் துண்டு ஆண்டே முழு ஆண்டாகக் கணக்கு. நடைமுறையில் ஆவ் மாதம் (ஜூலை-ஆகஸ்ட்) 15-க்குள் நட்டிருக்க வேண்டும். நீங்கள் நட்டது ஆவ் 5. எனவே யூத ஆண்டுக் கணக்கில் அப்போது நடந்த 5785 முதல் ஆண்டு, 5787 மூன்றாவது. ஆனால் 5788 (2027 அக்டோபர்) பிறந்ததும் பறித்துவிடாதீர்கள். ஷெவாத் மாதம் 15-க்கு (2028 பிப்ரவரி) முன் பிஞ்சு விட்டவை இன்னும் ஒர்லாதான். அதற்குப் பின் பிஞ்சு விட்டவை நான்காம் ஆண்டுக் கனி. அதன் புனிதத்தை ஒரு நாணயத்துக்கு மாற்றி மீட்ட பிறகு உண்ணலாம்.

பத்து நாளுக்குமேல் தள்ளி நட்டிருந்தால் எண்ணிக்கையே அடுத்த திஷ்ரியில்தான் தொடங்கியிருக்கும். பிற்பாடு மரத்தை இடம் மாற்றினால் வேரோடு இருக்கும் மண்கட்டி உடையாமல் பாருங்கள். அந்த மண்ணிலேயே மரம் பிழைக்குமென்றால் பழைய கணக்கு தொடரும் (ஒர்லா 1:3). மண் உதிர்ந்தால் மறுபடி முதலாம் ஆண்டு.

கே: வெளிநாட்டில் இருந்தால் இதெல்லாம் உண்டா?

ப: ஒர்லா உண்டு, மரத்தில் வேறினத்தை ஒட்டுக் கட்டத் தடையும் உண்டு. காய்கறிப் பாத்திக் கணக்கு இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும்.

கே: தர்ப்பூசணியில் திராட்சைக் குச்சியைச் செருகுவது என்று ஒன்று படித்தேன். நிஜமா?

ப: கிலாயிம் 1:8. பழத்தின் நீர் குச்சிக்குப் போகட்டும் என்று செருகுவார்கள். அத்திக் குச்சியைக் குளிர்ச்சிக்காகக் கடல்வெங்காயக் கிழங்கில் செருகுவதும் அங்கேயே வருகிறது. மரத்தைக் காய்கறிமேல் ஏற்றுவது என்று இரண்டையும் தடுத்திருக்கிறார்கள். செடிநூல்படி இந்த ஒட்டு பிடிக்கவே பிடிக்காது. வேர்விடும்வரை ஈரம் தரும் உத்தி, அவ்வளவே. அந்தக் கடல்வெங்காயம் நம் நரிவெங்காயத்தின் இனம். வேர் பக்கவாட்டில் ஓடாது என்பதால் மோசேக்குப் பின் வந்த தலைவர் யோசுவா அதை வைத்தே நில எல்லை குறித்தார் என்கிறது மிஷ்னாவுக்கு விளக்கமாகப் பின்னால் வந்த தல்மூத்.

கே: எரிகோ ஊர் மக்கள் பேரீச்சையை 'ஒட்டுக் கட்டினார்கள்' என்கிறதே மிஷ்னாவின் பெஸாகிம் 4:8?

ப: அது ஒட்டு இல்லை. பனை இனத்தில் ஒட்டு நடக்காது. தல்மூத் (56அ) இரண்டு விளக்கம் தருகிறது. ஒன்று, மிர்ட்டில் தழை, லாரல் காயில் செய்த மது, வாற்கோதுமை மாவு மூன்றையும் கொதிக்கவைத்து மரத்தின் குருத்தில் ஊற்றுவது. மற்றொன்று, ஆண் பாளையைப் பெண் மரத்தில் வைப்பது. இரண்டாவதுதான் இன்றும் பேரீச்சைத் தோட்டங்களில் நடக்கும் கைமகரந்தம். முதலாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கே: காய் உதிரும் மரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, கல்லும் ஏற்றச் சொல்கிறார்களாமே, மந்திரமா?

ப: தல்மூதின் ஷப்பாத் 67அ இதே கேள்வியைக் கேட்கிறது. மரத்தில் கல் ஏற்றுவது அதன் மிதமிஞ்சிய வீரியத்தைக் குறைக்க, அது வைத்தியம். சாயம் மரத்துக்கே அல்ல, பார்க்கிறவர்கள் அதற்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று.

கே: பக்கத்து வீட்டுக் கிணற்றருகே மரம் வைக்கலாமா?

ப: 25 முழம் தள்ளி. கரோப், காட்டத்தி என்றால் 50. அவற்றின் வேர் நெடுந்தூரம் ஓடும் (மிஷ்னா, பாபா பத்ரா 2:11).

கே: வாழையும் பப்பாளியும் மரமா?

ப: பழம் பறித்தபின் தண்டு நின்று மறுபடி காய்த்தால் மரம். வாழை ஒருமுறை குலை தள்ளியதும் மடிகிறது, அதனால் உண்ணுமுன் நிலத்தின் கனிக்குரிய ஆசியைத்தான் சொல்வார்கள், ஒர்லா இல்லை. பப்பாளியில்தான் சச்சரவு. உள்ளே கூடான தண்டு, தண்டிலேயே ஒட்டிக் காய்ப்பது, முதல் ஆண்டிலேயே பழம் என்று காரணம் காட்டி மரமல்ல என்றார் பாக்தாத்தின் ரபி யோசேஃப் ஹயீம். ஏற்காதவர்களும் உண்டு, உங்கள் ரபியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.