பெயரை நீக்குவதற்கு முன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைநிற்றல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை. நாற்பது பிள்ளைகளில் ஆறு பேர் கைநழுவிக்கொண்டிருப்பது தெரிகிறது. கூப்பிட்டுப் பேசுகிறேன், வீட்டிலும் சொல்கிறேன். நாலு நாள் ஒழுங்காக வருகிறார்கள், பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. போன ஆண்டு இரண்டு பேர் வராமலே போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை நான் எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். பள்ளி திறந்த நாள் முதல் ஒவ்வொரு பிள்ளையும் மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று எண்ணுங்கள். காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்த நாள், சொல்லாமல் நின்ற நாள், தண்டனையாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாள் எல்லாம் ஒரே கணக்கில் வரட்டும். காரணம் எதுவானாலும் அன்றைய பாடம் போனது போனதுதான். பத்தில் ஒரு பங்கு நாள் வராமல் போவதை எச்சரிக்கை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 180 நாள் கொண்ட கல்வியாண்டில் அது 18 நாள். மாதத்துக்கு இரண்டே நாள் என்பதால் யார் கண்ணிலும் படாது. ‘இன்று நாற்பதில் முப்பத்தேழு பேர்’ என்று பலகையில் எழுதும்போது வகுப்பு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். வராத மூவரும் தினமும் அதே மூவரா என்பது பெயர்வாரியாகக் கூட்டினால்தான் தெரியும்.

வருகையின் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள்: நடத்தை குறித்த புகார், கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ தோல்வி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ராபர்ட் பால்ஃபான்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் படிப்பை முடிக்காமல் போனவர்களில் 60 சதவீதம் பேரை இந்த மூன்று வகை அறிகுறிகளைக் கொண்டு ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காண முடிந்திருக்கிறது. உங்கள் ஒன்பதாம் வகுப்போ இன்னும் முக்கியமான இடம். சிகாகோவில் 2005இல் வந்த ஆய்வில், ஒன்பதாம் வகுப்பைப் பெரிய தோல்விகள் இல்லாமல் கடந்தவர்களில் 81 சதவீதம் பேர் உரிய நான்கு ஆண்டுகளில் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். அந்த அளவை எட்டாதவர்களில் முடித்தவர்கள் 22 சதவீதம்தான். பழைய தேர்வு மதிப்பெண்ணைவிட இந்த ஓராண்டு அதிகம் சொல்கிறது. ஆகவே ‘இவன் முன்பிருந்தே சுமார்தான்’ என்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

அடுத்தது காரணம். அறிவுரை ஏன் நாலு நாளில் தீர்ந்துபோகிறது என்றால், ஆறு பேருக்கும் ஒரே மருந்தாக அதைக் கொடுக்கிறோம். ஒரு பிள்ளையால் வர முடியவில்லை: நோய், தூரம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போவது. இன்னொரு பிள்ளைக்கு வரப் பயம்: கேலி, அடி, ஓர் ஆசிரியரோடு முறிவு, வாசிக்கத் தெரியாதது அம்பலமாகிவிடும் என்ற கூச்சம். மூன்றாவது பிள்ளைக்கு, வந்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு. சில வீடுகளில் எத்தனை நாள் போயிருக்கிறது என்பதே தெரியாது. இந்தக் கடைசி வகைக்கு ‘ஒழுங்காக அனுப்புங்கள்’ என்பதைவிட ‘இதுவரை பதினோரு நாள் வரவில்லை’ என்று எண்ணைச் சொல்வது பலன் தரும். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் பொய்தான் பதிலாக வரும். ‘வராத நாளில் காலையில் எழுந்ததும் என்னவெல்லாம் நடந்தது?’ என்று கேளுங்கள். கண்பார்வையையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை அதை வாய்திறந்து சொல்லாது.

நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. நழுவும் பிள்ளைக்குப் பொறுப்பாகப் பெயர் சொல்லும்படி ஒரு பெரியவர் வேண்டும். ‘எல்லோரும் கவனிக்கிறோம்’ என்ற பள்ளியில் யாரும் கவனிப்பதில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ‘செக் அண்ட் கனெக்ட்’ திட்டத்தின் அச்சாணியே இதுதான். ஒரு வழிகாட்டி, குறைந்தது இரண்டு ஆண்டு, வருகையையும் மதிப்பெண்ணையும் கையில் வைத்துக்கொண்டு முறையாகச் சந்திப்பது. வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், மாறாத நேரம். போன வார எண்ணிக்கையைக் காட்டுங்கள். ஒரே ஒரு சிக்கலை எடுத்து, என்னென்ன வழி இருக்கிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அதில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த வாரம் அது நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் வேறு வழி; திட்டு வேண்டாம். இந்த ஏற்பாடு கெடுவதெல்லாம் இரண்டாம் மாதத்தில்தான். தேர்வுப் பணி வரும், சந்திப்பு தள்ளிப்போகும், பிள்ளை ‘இவரும் இப்படித்தான்’ என்று முடிவுகட்டிவிடும். ஆகவே ஆறு பேரையும் நீங்களே எடுக்காதீர்கள். இருவரை எடுத்துக்கொண்டு மற்ற நால்வரை இரண்டு சக ஆசிரியர்களிடம் பிரித்துக் கொடுங்கள். ஆறு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு ‘சிறப்புக் குழு’ ஆக்கவும் வேண்டாம். ஒருவர் பள்ளியை விடுவதற்கு மற்றவர் துணையாகிவிடுவார். பட்டியல் ஆசிரியர் அறைச் சுவருக்கு வரவே கூடாது.

பாடத்தில் பின்தங்கியவருக்கு நட்பு மட்டும் போதாது. வாரம் மூன்று முறையாவது, அரைமணி நேரம், மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லாமல், அதே ஆசிரியர் கற்பிக்க வேண்டும். பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும்; மாலையில் வைத்தால் யாருக்குத் தேவையோ அவர்தான் வரமாட்டார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கை மறுபடி நடத்துவதால் பயனில்லை. பின்னமோ எதிர்ம எண்ணோ, எங்கே அறுந்ததோ அங்கே போய் முடிச்சுப் போட வேண்டும்.

பள்ளியே பிள்ளைகளை வெளியே தள்ளும் இடங்களும் உண்டு. தாமதமாக வந்தவரை வாசலில் திருப்பி அனுப்புவது, வராததற்குத் தண்டனையாக இடைநீக்கம் செய்வது, அதே வகுப்பில் மறுபடி உட்காரவைத்து அதையே உதவி என்று நினைப்பது. ஒரு வாரம் கழித்து வருகிற பிள்ளையை ‘வாங்க துரை’ என்று வகுப்பு முன்னால் வரவேற்பது எல்லாவற்றிலும் கொடியது. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே மறுநாளும் வராதவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வரும் நாளில் ‘வந்தது நல்லது’ என்ற ஒரு சொல், பக்கத்தில் உட்கார ஒரு தோழன், விட்டுப்போன பாடத்தில் கட்டாயம் தேவையான இரண்டு மட்டும். முழு பாக்கியையும் தலையில் கட்டினால் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்.

தொடர்ந்து இரண்டு நாள் வரவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் பேசுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறையாவது நல்ல செய்தி சொல்வதற்காகவும் அழைத்திருக்க வேண்டும். பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே புகார்தான் என்று பழகிய வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

போன ஆண்டு நின்றுபோன இருவரின் தொலைபேசி எண்கள் இன்னும் பதிவேட்டில் இருக்கும். அவர்கள் எந்த வகுப்பில் திரும்பச் சேர முடியும், என்ன சான்றிதழ் வேண்டும், எந்தெந்தத் தேர்வு எழுத வேண்டும் என்பதை முதலில் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அழையுங்கள்.