ஸ்காட்லாந்தில் மலை நடைக்கும் மான் வேட்டைக்கும் ராணுவ உபரி பூட்ஸ் சரிவருமா?

சரிவரும், ஆனால் எல்லா ராணுவ பூட்ஸும் அல்ல. ஹைலேண்ட்ஸ் மலைகளில் பெரும்பாலும் ஊறிக் கிடக்கும் பீட் (பாதி மட்கிய தாவரங்களாலான மண்) சேற்றில்தான் நடக்க வேண்டும். அதனால் பாலைவன பூட்ஸை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழுப்பு நிற பூட்ஸில் குளிருக்கும் ஈரத்துக்குமான கோர்டெக்ஸ் (நீர் புகாத உள்படலம்) வகை நல்ல தேர்வு. செங்குத்துச் சரிவு அதிகம் என்றால் ஜெர்மன் ராணுவத்தின் மலை பூட்ஸ். அதன் அடிப்பகுதி விறைப்பானது, தோல் தடிமனானது; கனம்தான் தொல்லை.

அப்புறம், வயதைப் பாருங்கள். பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்கால் ஆன நடு அடி (வெளி அடிக்கு மேலே உள்ள மெத்தை அடுக்கு) உள்ள பூட்ஸ் பெட்டியிலேயே இருந்தாலும் காற்றின் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே இருக்கும். நடக்கும்போது அடி பெயர்ந்து வந்துவிடும். ‘பயன்படுத்தாதது’ என்று விற்பவரிடம் தயாரிப்பு ஆண்டைக் கேளுங்கள். நடு அடியை விரலால் அழுத்தும்போது விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.