ஆபரேஷன் முடிந்தும் ஆயா கண் திறக்கவில்லை: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருடங்கள், ஆபரேஷன் முடிந்தவர்கள் விழிக்கும் ரெக்கவரி அறையில் நர்ஸாக இருந்தேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஆயாவுக்கு 78 வயது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று மணி நேரமாகியும் விழிக்கவில்லை. மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? (சாட்ஸ்வர்த்)

பெரும்பாலும் மயக்க மருந்து இன்னும் உடம்பை விட்டு இறங்காததுதான் காரணம் தம்பி. வயதானவர்களுக்கும் கிட்னி, ஈரல் தளர்ந்தவர்களுக்கும் அது மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் கண் திறப்பதுதான் வழக்கம். மூன்று மணி என்றால் நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சர்க்கரை எவ்வளவு? ரத்தத்தில் சோடியம் (உப்பு) பார்த்தார்களா? உடம்பு குளிர்ந்திருக்கிறதா? ரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருக்கிறதா? மார்ஃபின் வகை மருந்து அதிகமாகியிருந்தால் அதை முறிக்க நாலாக்சோன் உண்டு. பக்கவாதம் அரிது, கை கால் ஒரு பக்கம் மட்டும் அசையாவிட்டால் உடனே ஸ்கேன் எடுப்பார்கள். ஆயா வீட்டில் தூக்க மாத்திரை போடுகிறவர் என்றால் அதை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பா விழித்துவிட்டார். ஆனால் எங்களைத் தெரியவில்லை, நர்ஸைத் திட்டுகிறார். (ஃபீனிக்ஸ்)

பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பம் இது. பெரும்பாலும் சில நாளில் தெளியும். அவர் கண்ணாடியையும் காது மிஷினையும் முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் தமிழில் பேசுங்கள். எப்போதும் இங்கிலீஷ் பேசும் தாத்தாக்கள்கூட அந்த நேரத்தில் சின்ன வயதுத் தமிழுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். வார்டில் ஜூலுவும் இங்கிலீஷும்தான் ஓடும். "ஒண்ணுக்கு" என்று ஒருவர் கெஞ்சியது யாருக்கும் புரியவில்லை; அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார், முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். இன்றும் மனசு வலிக்கிறது. தண்ணி, வலி, ஒண்ணுக்கு, குளிருது: இந்த நாலையும் ஆங்கில எழுத்தில் அர்த்தத்தோடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

அண்ணனுக்கு "ஸ்கோலின்" ஒத்துக்கொள்ளாமல் பல மணி நேரம் மூச்சு மிஷினில் வைத்தார்கள். எனக்கும் வருமா? (டோங்காட்)

வரலாம். சில நிமிடத்தில் கரைய வேண்டிய தசை தளர்த்தும் மருந்து அது. அதைக் கரைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். மிஷினில் வைத்துக் காத்திருந்தால் சரியாகிவிடும். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த ஆபரேஷனுக்கு முன்பும், பல் டாக்டரிடமும்கூட, இதைச் சொல்லுங்கள்.

ராத்திரி முழுக்க வெளியே உட்காரட்டுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேண்டாம் அம்மா. வார்டு போன் நம்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள்.