உலக அரசியலை நீங்கள் பார்க்கும் விதத்தை மாற்றிய, உங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் எவை?

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். நீளமாக ஒன்று போட்டால் நாலு பேர் சேமித்து வைப்பார்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதனால் ஒரு படத்தைப் பற்றி நிறையவும் மற்றவற்றைப் பற்றிக் கொஞ்சமாகவும் சொல்கிறேன்.

2002இல் 'லகான்' ஆஸ்கருக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும். சிறந்த வெளிநாட்டு மொழிப் படங்களின் இறுதி ஐந்தில் அது இருந்தது. விருது என்னவோ போஸ்னியாவிலிருந்து வந்த 'நோ மேன்ஸ் லேண்ட்' படத்துக்குப் போனது. எனக்கு நல்ல கோபம். அப்படி என்னதான் எடுத்துக் கிழித்துவிட்டார்கள் என்று பார்ப்பதற்காகவே பிற்பாடு அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தேன். முடிந்தபோது லகான் ஞாபகத்திலேயே இல்லை.

கதை சின்னதுதான். போஸ்னியப் போர், 1993. இரு படைகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பதுங்குகுழி. அதில் ஒரு போஸ்னிய வீரனும் ஒரு செர்பிய வீரனும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவதாக இன்னொரு போஸ்னியன் படுத்திருக்கிறான். அவன் முதுகுக்கு அடியில் கண்ணிவெடி. எழுந்தால் வெடிக்கும், புரண்டாலும் வெடிக்கும். கிட்டத்தட்ட படம் முழுவதும் அவன் அப்படியே கிடக்கிறான். இயக்குநர் டானிஸ் தனோவிச் முற்றுகையிடப்பட்ட சரயேவோவில் போரைக் கேமராவில் பதிவு செய்தவர். அதனாலோ என்னவோ, படத்தில் வீரவசனம் பேச யாருக்கும் நேரமில்லை. மாறாக நிறையச் சிரிப்பு இருக்கிறது. சிரித்துவிட்டு நமக்கே கூச்சமாக இருக்கும்.

அந்தக் குழியில் இருவருக்கும் சண்டை வருகிறது: போரை ஆரம்பித்தது யார்? நீங்கள்தான் என்கிறான் ஒருவன். இல்லை, நீங்கள்தான் என்கிறான் மற்றவன். கடைசியில் போஸ்னியன் துப்பாக்கியை நீட்டி, 'இப்போது சொல், யார் ஆரம்பித்தது?' என்கிறான். 'நாங்கள்தான்' என்கிறான் செர்பியன். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பாக்கி கை மாறுகிறது. அதே கேள்வி. இம்முறை 'நாங்கள்தான்' என்று சொல்ல வேண்டியவன் போஸ்னியன். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று பள்ளியில் படித்ததை இதைவிடச் சுருக்கமாக யாரும் படம் பிடித்திருக்க முடியாது.

எனக்கு அந்தக் காட்சி சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் உண்டு. உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் இணையத்தில் போய் வாதாடும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. எல்லா வாதமும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: யார் ஆரம்பித்தது? நான் ஒரு வருடத்தைச் சொல்வேன், எதிராளி அதற்குப் பத்து வருடம் முந்தைய ஒன்றைச் சொல்வார், நான் நூறு வருடம் பின்னால் போவேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கதையை வேறு வேறு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தோம், அவ்வளவுதான். (இதற்காக எல்லாத் தரப்பும் சமம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றது போஸ்னிய செர்பியப் படை. அதில் 'இரு தரப்பும்' என்ற பேச்சுக்கு இடமில்லை.)

அப்புறம் எந்தப் படம் பார்த்தாலும் முதலில் கவனிப்பது, கதை எங்கே தொடங்குகிறது என்பதைத்தான். அந்தக் கண்ணோடு பார்த்ததில் ஆளை உலுக்கியது ஜில்லோ பொன்டெகோர்வோவின் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்', 1966. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றியது. பெண்கள் மூவர் பைகளில் குண்டு எடுத்துப்போய் ஐரோப்பியர்கள் கூடும் இடங்களில் வைக்கும் காட்சி பிரசித்தம். குண்டு வெடிப்பதற்கு முன் கேமரா அங்கிருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. ஐஸ்கிரீம் தின்னும் குழந்தை உட்பட. நாம் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் வயிறு பிசையும். செய்தித்தாளாக இருந்தால் கதை இங்கே தொடங்கியிருக்கும். ஆனால் படத்தில் இதற்கு முன்பே, அல்ஜீரியர்கள் வாழும் கஸ்பா பகுதியில் நள்ளிரவில் வேறொரு குண்டு வெடித்து, தூங்கியவர்கள் இடிபாட்டில் புதைந்திருக்கிறார்கள். அதை வைத்தது போலீஸ் தரப்பு. சரி, அதற்கும் முன்னால்? தெருவில் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கும் முன்னால் போனால் 1830இல் பிரான்ஸ் கப்பலில் வந்து இறங்கியதில்தான் நிற்க வேண்டும்.

பொன்டெகோர்வோ எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் இரு தரப்புச் சாவுக்கும் ஒரே இசையைத்தான் போட்டிருக்கிறார். கிளர்ச்சித் தலைவராக நடித்திருப்பவர் சாதி யாசெஃப், நிஜத்திலும் அந்தக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர், படத் தயாரிப்பிலும் பங்கெடுத்தவர். அவரை வேட்டையாடும் பிரெஞ்சுக் கர்னலாக வருபவர் ஜான் மார்த்தான். அவரோ அந்தப் போரை எதிர்த்த பிரெஞ்சு அறிவுஜீவிகளின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்! கர்னல் வில்லனாகக் கத்துவதில்லை. சித்திரவதை பற்றிக் கேட்கும் நிருபர்களிடம் நிதானமாகத் திருப்பிக் கேட்கிறார்: பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருக்க வேண்டுமா? ஆம் என்றால் அதற்கான விளைவுகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மனச்சாட்சியை ராணுவத்திடம் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கும் குடிமக்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வி அது.

இந்தப் படத்தை 2003இல், இராக் போர் தொடங்கிய சில மாதங்களில், அமெரிக்காவின் பென்டகனில் அதிகாரிகளுக்குத் திரையிட்டார்கள். படத்தில் பிரெஞ்சு ராணுவம் நகரத்துச் சண்டையில் ஜெயிக்கிறது, 1962இல் அல்ஜீரியாவே கை நழுவிப் போகிறது. இராக்கில் அடுத்து நடந்ததைப் பார்த்தால், கடைசி ரீலுக்கு முன்பே எழுந்து போய்விட்டார்களோ என்று தோன்றும்.

ஜாக் ஓதியாரின் 'தீபன்' பற்றியும் சொல்ல வேண்டும். 2015இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வாங்கிய படம், எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். அகதி பற்றிய செய்திகள் பெரும்பாலும் படகு கரை ஒதுங்கியதும் தொடங்கும். இந்தப் படம் அதற்கு வெகு முன்னே, இலங்கைப் போரில் தோற்ற போராளி ஒருவன் சீருடையைத் தீயில் போடுவதில் தொடங்குகிறது. முன்பின் தெரியாத மூன்று பேர், செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டைக் காட்டி, அப்பா அம்மா மகளாக பிரான்ஸ் போகிறார்கள். தீபன் என்ற பெயரே ஒரு செத்தவனுடையது. முக்கால்வாசிப் படம் அபாரம். கடைசியில் நாயகனை ஒண்டி ஆளாகச் சண்டை போட வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அணு ஆயுதம் பற்றியென்றால் ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்', 1964. யாருமே விரும்பாத போரை, கிறுக்குப் பிடித்த ஒரு தளபதி தொடங்கிவைக்கிறான். அமெரிக்க அதிபர் சோவியத் தலைவருக்குப் போன் போட்டு, யாருக்கு அதிக வருத்தம் என்று சண்டை பிடிக்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சோவியத் ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் பற்றிப் படித்தேன். 1983 செப்டம்பர் 26, சோவியத் எச்சரிக்கை நிலையம். அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கணினி அலறுகிறது. மேகத்தில் பட்ட சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது. ஐந்தே ஐந்தை வைத்து யாராவது போரைத் தொடங்குவார்களா என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார் பெத்ரோவ். அவர் அன்று அவசரப்பட்டிருந்தால், யார் ஆரம்பித்தது என்று வாதாடக்கூட ஆள் மிஞ்சியிருக்காது. அதற்குப் பிறகு அந்தப் போன் காட்சியில் அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

'நோ மேன்ஸ் லேண்ட்' படத்தை இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றாவது முறைதான் ஒன்று சரியாகக் காதில் விழுந்தது. போஸ்னியப் பதுங்குகுழியில், தன் ஊரே பற்றி எரியும்போது, ஒரு வீரன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'ருவாண்டாவில் என்ன கொடுமையப்பா' என்று அலுத்துக்கொள்கிறான். சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் சூடான் செய்தி ஒன்றைப் போனில் பார்த்து, அடப்பாவமே என்று சொல்லிவிட்டு, விரலால் மேலே தள்ளியிருந்தேன்.